ஓப்ரிலேண்ட்: மூடிய பூங்காவும் கலையாத ஊழியர்களும்



பி.காம். படிக்கும் எல்லோருக்கும் கணக்குப்பதிவியலில் "நற்பெயர்" என்று ஒரு பாடம் வரும். ஒரு தொழிலின் கட்டடம், இயந்திரம், சரக்கு, கையிருப்பு எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்து, மிச்சம் வருவதைவிட அதிக விலை கொடுத்து ஒருவர் அந்தத் தொழிலை வாங்குகிறார் என்றால், அந்த அதிகப்படித் தொகைக்குப் பெயர்தான் நற்பெயர். கண்ணுக்குத் தெரியாத சொத்து! அந்த வகுப்பில் நான் எழுந்து, "சார், வேலை செய்பவர்கள் இதில் எந்தப் பக்கம் வருவார்கள்?" என்று கேட்டேன். "சம்பளமாகச் செலவுப் பக்கம் வருவார்கள்" என்று சொல்லிவிட்டு சார் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். வகுப்பே சிரித்தது. சார் சொன்னது சரியான பதில்தான். ஆனாலும் அந்தக் கேள்வி என் மண்டையை விட்டுப் போகவில்லை.

அதற்கு ஓரளவு பதில் கிடைத்த மாதிரி இருந்தது, அமெரிக்காவில் மூடப்பட்ட ஒரு தீம் பார்க்கின் கதையைப் படித்தபோது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் 1972 முதல் 1997 வரை இருந்த ஓப்ரிலேண்ட் யு.எஸ்.ஏ. தான் அது. பூங்கா போய்விட்டது. ராட்டினங்கள் போய்விட்டன. அந்த நிலத்தில் இப்போது ஒரு பெரிய ஷாப்பிங் மால் நிற்கிறது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்கள் மட்டும் கால் நூற்றாண்டு கடந்தும் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்துக் கூடிக்கொண்டிருக்கிறார்கள். ஏன்? அதைத்தான் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி நடத்திய பாட்டுக் கச்சேரி

கதை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா? நாஷ்வில்லில் நேஷனல் லைஃப் அண்ட் ஆக்சிடென்ட் இன்சூரன்ஸ் கம்பெனி என்று ஒன்று இருந்தது. 1925-ல் அது ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கியது. நிலையத்தின் பெயர் டபிள்யூ.எஸ்.எம். "வீ ஷீல்ட் மில்லியன்ஸ்", அதாவது "லட்சக்கணக்கானவர்களைக் காக்கிறோம்" என்ற கம்பெனியின் விளம்பர வாசகத்தின் முதல் எழுத்துகள்தான் அவை. பெயரிலேயே விளம்பரம்!

அதே 1925 நவம்பரில் அந்த நிலையம் சனிக்கிழமை இரவுகளில் நாட்டுப்புற இசை நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த பெயர் கிராண்ட் ஓல் ஓப்ரி. கிராமத்து மக்கள் அதைக் கேட்டார்கள். ஓப்ரியை நடத்தும் கம்பெனியின் ஆள் என்று சொல்லிக்கொண்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வாசலில் நின்றால் கதவு திறந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கும் நற்பெயருக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1943 முதல் ஓப்ரி நடந்த இடம் ரைமன் அரங்கம். 1892-ல் மதக் கூட்டங்களுக்காகக் கட்டிய பழைய கட்டடம். ஏ.சி. கிடையாது. கோடையில் உள்ளே வெந்துபோகும். 1960-களில் அரங்கத்தைச் சுற்றியிருந்த நகரப் பகுதியும் களையிழந்துகொண்டு வந்தது. ஓப்ரிக்குப் புது அரங்கம் கட்டலாம், அதைச் சுற்றி ஒரு பொழுதுபோக்குப் பூங்காவும் வைக்கலாம் என்று கம்பெனி முடிவு செய்தது. நகரத்திலிருந்து சில மைல் தள்ளி, கம்பர்லேண்ட் ஆறு வளையும் இடத்தில் நிலம் வாங்கினார்கள். அதற்கு முன் அந்த இடம் சாசேஜ் தயாரிக்கும் ஒரு குடும்பத்தின் பண்ணையாக இருந்தது. 1970-ல் வேலை தொடங்கி, 1972 மே 27 அன்று பூங்கா திறக்கப்பட்டது.

பாட்டுதான் முதலாளி

மற்ற பூங்காக்களில் ராட்டினம்தான் கதாநாயகன். ஓப்ரிலேண்டில் பாட்டு. பூங்காவின் பகுதிகளே பெரும்பாலும் இசை வகைகளை வைத்துத்தான் பிரிக்கப்பட்டிருந்தன. மலைநாட்டுப் பாட்டுக்கு ஒரு பகுதி, நியூ ஆர்லியன்ஸ் ஜாஸுக்கு ஒரு பகுதி, மேற்குக் குதிரைக்காரர்களின் பாட்டுக்கு ஒரு பகுதி என்று. பிறகு 1950-களின் ராக் அண்ட் ரோல் காலத்தை நினைவூட்டும் பகுதியும் வந்தது. அமெரிக்க இசையின் வரலாற்றையே மேடையில் பாடிக் காட்டும் "ஐ ஹியர் அமெரிக்கா சிங்கிங்" என்ற நிகழ்ச்சி ஆரம்பத்திலிருந்தே பெரிய ஈர்ப்பு.

ராட்டினங்களும் குறைவில்லை. 1975-ல் வந்த வாபாஷ் கேனன்பால் ரோலர் கோஸ்டர் ஆட்களை இரண்டு தடவை தலைகீழாகத் திருப்பும். 1982-ல் கிரிஸ்லி ரிவர் ராம்பேஜ் என்ற படகுச் சவாரி வந்தது. 1995-ல் ஹேங்மேன் வந்தது. இதில் பயணிகளின் கால்கள் அந்தரத்தில் தொங்கும்.

இதையெல்லாம் நடத்தியவர்கள் யார்? பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்! பள்ளி முடித்தவர்கள், கல்லூரி மாணவர்கள். தீம் பார்க் என்பது சீசன் தொழில். கோடை வந்தால் நூற்றுக்கணக்கான கைகள் வேண்டும், குளிர் வந்தால் வேண்டாம். அதனால் லீவில் வேலை தேடும் மாணவர்களைத்தான் இந்தத் தொழில் எப்போதும் நம்பியிருக்கிறது.

வேலை சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ரோலர் கோஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை உயரக்கோலைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். தொடவில்லை என்றால் அழும் குழந்தைக்கும் கோபப்படும் அப்பாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இருக்கையின் பாதுகாப்புக் கம்பியையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் நிற்பவரும் அந்தப் பக்கம் நிற்பவரும் சைகை காட்டிய பிறகுதான் வண்டி கிளம்பும். பல வண்டிகள் ஓடும் பாதை என்றால் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். முன்னால் போனது நகராவிட்டால் பின்னால் வருவது நிற்க வேண்டும். இதையே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை, வெயிலில், சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும். நூறாவது தடவையும் முதல் தடவை போலவே கம்பியை இழுத்துப் பார்ப்பதுதான் அந்த வேலையின் முழு சாரம்.

மேடையில் இருந்தவர்களுக்கும் அதே கதைதான். ஒரே நிகழ்ச்சியை ஒரு நாளில் பல முறை நடத்த வேண்டும். காலையில் வந்த குடும்பமும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறது, மாலையில் வந்த குடும்பமும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு, ஒரே உற்சாகம்.

அங்கிருந்து கிளம்பியவர்கள்

1982-ல் அந்தப் புதுப் படகுச் சவாரியை விளம்பரப்படுத்த ஓப்ரிலேண்டில் ஒரு பாட்டுக்குழு உருவானது. பெயர் கிரிஸ்லி ரிவர் பாய்ஸ். ஒரு ராட்டினத்துக்கு விளம்பரம் பாடப் பிறந்த குழு! பிறகு டென்னசி ரிவர் பாய்ஸ் என்று பெயர் மாறியது. ஆட்களும் ஒவ்வொருவராக மாறினார்கள். கடைசியில் டயமண்ட் ரியோ என்ற பெயரில் 1991-ல் அவர்களுடைய முதல் தனிப்பாடலே அமெரிக்க கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு குழுவின் முதல் பாடல் அந்தப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது அதுவே முதல் முறை.

பாடகி செலி ரைட், கிறிஸ்தவ இசைப் பாடகர் ஸ்டீவன் கர்ட்டிஸ் சாப்மன் என்று ஓப்ரிலேண்ட் மேடைகளில் தொடங்கிப் பெரிய ஆளானவர்கள் இன்னும் உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றி அல்ல. இவர்கள் பெயர் எப்படியும் எங்காவது எழுதப்பட்டிருக்கும். அதே மேடைக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் விற்றவர், உடைகளுக்குப் பொத்தான் தைத்தவர், ராத்திரி கூட்டம் போன பிறகு குப்பை கூட்டியவர், இவர்களுடைய பெயர் எந்த இசைப் பட்டியலிலும் வராது. மொத்தம் 26 சீசன்கள். ஒவ்வொரு சீசனுக்கும் புதிய கூட்டம். நாஷ்வில் பக்கத்து எத்தனையோ பேருக்கு வாழ்க்கையின் முதல் சம்பளம், முதல் சீருடை, முதல் மேலாளர் எல்லாம் ஓப்ரிலேண்ட்தான். சிலருக்கு அங்கே அறிமுகமானவரே பிறகு வாழ்க்கைத் துணையும் ஆனார்.

மேடையில் ஒரு மரவட்டம்

பூங்காவுக்குள் கட்டிய புதிய ஓப்ரி அரங்கம் 1974 மார்ச் 16 அன்று திறக்கப்பட்டது. அன்றைய அதிபர் நிக்சன் வந்து பியானோ வாசித்தார். மூத்த பாடகர் ராய் அகஃப் அவருக்கு யோ-யோ சுற்றக் கற்றுக்கொடுத்தார். ஆனால் இந்த விழாவைவிட எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. பழைய ரைமன் மேடையிலிருந்து ஆறு அடி அகலத்துக்கு வட்டமாகப் பலகையை அறுத்து எடுத்து, புதிய மேடையின் நடுவில் பதித்தார்கள். பழைய பாடகர்கள் நின்ற அதே மரத்தின்மேல் புதியவர்களும் நின்று பாட வேண்டும் என்று. இந்த வட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

அடுத்த வருடமே, 1975-ல், கம்பர்லேண்ட் ஆறு பெருகிப் பூங்காவுக்குள் புகுந்தது. குழந்தைகள் தொட்டு விளையாட வைத்திருந்த விலங்குகளில் சில இறந்தன. அந்த ஆண்டு பூங்கா தாமதமாகத்தான் திறந்தது. ஆற்றங்கரையில் நிலம் வாங்கியதற்கு ஆறு முதல் பில்லை அனுப்பிவிட்டது!

கணக்கு மாறியது

1977-ல் பூங்காவுக்குப் பக்கத்திலேயே ஓப்ரிலேண்ட் ஹோட்டல் திறக்கப்பட்டது. 1982-ல் இன்சூரன்ஸ் கம்பெனியின் தாய் நிறுவனத்தை அமெரிக்கன் ஜெனரல் என்ற இன்னொரு இன்சூரன்ஸ் நிறுவனம் வாங்கியது. அவர்களுக்குப் பாட்டும் ராட்டினமும் தேவைப்படவில்லை. 1983-ல் ஓக்லஹோமாவைச் சேர்ந்த கேலார்ட் நிறுவனம் ஓப்ரி, வானொலி, பூங்கா, ஹோட்டல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு இங்கிருந்து டி.என்.என். என்ற கேபிள் டி.வி. சேனலும் தொடங்கியது. 1985-ல் ஆற்றில் ஜெனரல் ஜாக்சன் என்ற கப்பல் ஓடத் தொடங்கியது. மனைவி இறந்த பிறகு ராய் அகஃப் இந்த வளாகத்திலேயே ஒரு வீட்டில் குடியிருந்தார். 1992-ல் அவர் இறக்கும் வரை அதுதான் அவர் வீடு.

ஹோட்டல் வளர்ந்துகொண்டே போனது. 1996-ல் முடிந்த விரிவாக்கத்துக்குப் பிறகு அதில் 2,800-க்கு மேல் அறைகள். ஹோட்டலில் மாநாடுகள் நடக்கும், வருடம் முழுவதும் பணம் வரும். பூங்காவோ குளிர்காலத்தில் தூங்கும். ஆனால் பராமரிப்பு, காவல், காப்பீடு போன்ற நிலையான செலவுகள் தூங்காது. கூட்டம் திரும்ப வர வேண்டும் என்றால் சில வருடங்களுக்கு ஒருமுறை விலை உயர்ந்த புது ராட்டினம் வேண்டும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சாலை, இடையில் ஹோட்டல் என்பதால் விரிய இடமும் இல்லை. இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நிலத்தின் வாய்ப்புச் செலவு ஏறிக்கொண்டே போகிறது என்று எந்த பி.காம். மாணவனும் எழுதிவிடுவான். தேர்வில் வந்தால் நானும் அப்படித்தான் எழுதுவேன். மதிப்பெண்ணும் கிடைக்கும்.

1997 நவம்பரில், வழக்கமான சீசன் முடிந்த பிறகு, பூங்கா மூடப்படுகிறது என்று கேலார்ட் அறிவித்தது. கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்துக்காக மட்டும் கதவு திறந்திருந்தது. 1997 டிசம்பர் 31 கடைசி நாள். கோடைக் கூட்டத்தில் தனக்குப் பழகிய ராட்டினத்தின் பக்கத்தில் நின்று "இதுதான் கடைசி" என்று தெரிந்து விடைகொடுக்கும் வாய்ப்பு பலருக்குக் கிடைக்கவே இல்லை. அக்டோபரில் "அடுத்த சீசனில் பார்ப்போம்" என்று சொல்லிப் பிரிந்தவர்களுக்கு அடுத்த சீசன் வரவில்லை.

சொத்துகள் போன இடம்

ராட்டினங்கள் பிரீமியர் பார்க்ஸ் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. ஹேங்மேன் கலிபோர்னியாவுக்குப் போய் 1998-ல் காங் என்ற புதுப் பெயரில் ஓடத் தொடங்கியது. வாபாஷ் கேனன்பாலும் இன்னும் சிலவும் இண்டியானா மாநிலத்தில் மூடிக் கிடந்த ஒரு பூங்காவின் வெளியில் போய்ச் சேர்ந்தன. அங்கே அவற்றை மறுபடி நிறுத்தும் திட்டம் கைகூடவில்லை. ராக் அண்ட் ரோலர் கோஸ்டர் மட்டும் தப்பித்து நியூயார்க் மாநிலத்தில் ஒரு பூங்காவில் 2003-ல் திறக்கப்பட்டது. கேனன்பால் பழைய இரும்பாகிப் போனது.

நிலத்தில் ஓப்ரி மில்ஸ் என்ற மால் கட்டப்பட்டு 2000 மே மாதம் திறக்கப்பட்டது. மால் தோற்றுப்போயிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் தோற்கவில்லை. இன்றும் நடக்கிறது, கூட்டமும் வருகிறது. அதனால் "முட்டாள்தனமான முடிவு" என்று சுலபமாக எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. கணக்குப் போட்டவர்கள் கணக்கைத் தப்பாகப் போடவில்லை. கணக்கில் ஒரு வரி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இல்லாத அந்த வரி

நிலம் மாலாக மாறியது. இரும்பு விற்கப்பட்டது. டி.வி. சேனலும் 1997-லேயே கைமாறிவிட்டது. 26 சீசன்களில் பழகிய மனிதர்கள்? அவர்கள் யாருடைய சொத்தும் இல்லை என்பதால் அவர்களை யாரும் விற்கவும் முடியவில்லை, எடுத்து வைக்கவும் முடியவில்லை. கலைந்து போனார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பழைய பாடகர்கள், ராட்டினம் ஓட்டியவர்கள், கடை பார்த்தவர்கள் என்று திரும்பவும் தேடிக் கூடுகிறார்கள். பழைய சீருடைப் படங்களைக் கொண்டு வருகிறார்கள். எந்த மேடைக்குப் பின்னால் எந்தக் கதவு இருந்தது என்று வாதாடுகிறார்கள்.

ஏன் என்று யோசித்தேன். ஒரு கல்லூரியில் படித்தவன் இருபது வருடம் கழித்துக் கல்லூரி வாசலில் போய் நிற்கலாம். வேப்பமரம் இருக்கும், இல்லாவிட்டால் மரம் இருந்த இடமாவது இருக்கும். இவர்களுக்கு அந்த வாசலே இல்லை. அது இப்போது கார் நிறுத்துமிடம். பழைய இடத்துக்குத் திரும்பிப் போக இவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, அங்கே தன்னோடு நின்ற இன்னொரு மனிதன்தான். "எதிர்ப்பக்கம் நின்று எனக்குச் சைகை காட்டியது நீதானே?" என்று கேட்க அவன் ஒருவன் வேண்டும். அவனும் இல்லாவிட்டால் அந்தக் கோடைக்கு வேறு சாட்சி இல்லை.

வரலாறு படிப்பவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. எத்தனை டிக்கெட் விற்றது, எந்த வருடம் எந்த ராட்டினம் வந்தது என்பதெல்லாம் காகிதத்தில் கிடைத்துவிடும். மழை பெய்தால் பாட்டை எங்கே நிறுத்துவார்கள், அழும் குழந்தையை எப்படிச் சமாதானம் செய்வார்கள், வேலை முடிந்ததும் எல்லோரும் எங்கே போய் உட்காருவார்கள் என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இருக்காது. தற்காலிக ஊழியர்களின் வரலாற்றை நிறுவனங்கள் பெரும்பாலும் எழுதி வைப்பதில்லை. அவர்களே கூடிப் பேசினால்தான் உண்டு.

வட்டம் திரும்பியது

டயமண்ட் ரியோ 1998 ஏப்ரலில் கிராண்ட் ஓல் ஓப்ரியின் உறுப்பினரானது. அந்த மரவட்டத்தில் நின்று பாடினார்கள். குழு பிறக்கக் காரணமான பூங்கா மூடப்பட்டு அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை.

2010 மே மாதம் கம்பர்லேண்ட் ஆறு மறுபடி பெருகியது. இந்தத் தடவை 1975-ஐவிட மோசம். ஓப்ரி மேடையே பல அடித் தண்ணீரில் மூழ்கியது. ஹோட்டல் அந்த நவம்பர் வரை மூடிக் கிடந்தது. மால் திறக்க 2012 மார்ச் ஆனது. தண்ணீர் வடிந்ததும் மேடையிலிருந்த அந்த ஆறடி மரவட்டத்தைக் கவனமாகக் கழற்றி, உலர்த்தி, சரிசெய்து, 2010 செப்டம்பரில் அரங்கம் திரும்பத் திறந்தபோது அதே இடத்தில் மறுபடி பதித்தார்கள். புது மரம் வாங்குவது நிச்சயம் மலிவாக இருந்திருக்கும். தேய்மானம் கழித்தால் அந்தப் பழைய பலகையின் புத்தக மதிப்பு பூஜ்யம்தான். ஆனாலும் யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை. யார் யார் அதன்மேல் நின்றார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

பூங்கா ஊழியர்களுக்கு அப்படி ஒரு பலகையை யாரும் எடுத்து வைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு முறை கூடும்போதும் தங்களுக்கான வட்டத்தை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள்.

சார், அன்றைக்கு வகுப்பில் நீங்கள் சொன்னது சரிதான். வேலை செய்பவர்கள் செலவுப் பக்கம்தான் வருவார்கள். ஆனால் எல்லாச் சொத்தையும் விற்றுக் கணக்கை மூடிய பிறகும் மிச்சம் இருப்பவர்களும் அவர்கள்தான். தேர்வில் இதை எழுத மாட்டேன், பயப்படாதீர்கள். இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

எனக்கும் இன்னும் சில மாதங்களில் கடைசி செமஸ்டர் முடிகிறது. பக்கத்து பெஞ்சுக்காரர்களின் முகவரியை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.